தாராளமா ஒரு வருஷம் வரும்

போன வாரம் மாற்றிய பேட்டரி இந்த வாரம் மண்டையைப் போட்டிருந்தது.

வாய் நிறையப் பற்பசை நுரையோடு பொறுமை நடைவழியில் நின்று, சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டை முறைத்துப் பார்த்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம். வீடு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று காட்டுவதும், குளிர்ந்தால் ஸ்டோர் ரூமில் இருக்கும் ஹீட்டரை எழுப்புவதும், சூடேறினால் அதைத் தூங்க வைப்பதும் அதன் வேலை. இப்போது அது காட்டியதெல்லாம் ஒரு குட்டிச் சிவப்பு பேட்டரியின் படம். அதுவும் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டியது. தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறது என்று பொறுமைக்குப் பட்டது.

"மறுபடியுமா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி. பீப் சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது.

"ம்ம்," என்றார் நுரைக்குள்ளிருந்து.

"நீங்கதானே ஊருக்கெல்லாம் ஒரு வருஷம் வரும்னு சொல்றீங்க?"

விஷயமே அதுதான். அந்தத் தெர்மோஸ்டாட்டைச் செய்கிற கம்பெனியின் உதவி எண்ணில்தான் அவருக்கு வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கொதித்துப்போய்க் கூப்பிடுகிறவர்களிடம், "பேட்டரி தாராளமா ஒரு வருஷம் வரும் மேடம், நீங்க வெச்சிருக்கிற விதத்துலதான் ஏதோ இருக்கு" என்று தேன் குழைத்துச் சொல்வார். எதிர்முனையில் திட்டத் திட்ட இவர் குரல் இன்னும் இனிக்கும். அதனால் ஆபீஸில் எல்லோரும் அவரைப் 'பொறுமை' என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது. வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில்களில் பேட்டரி சம்பந்தப்பட்டவை எல்லாம் அவர் எழுதிக் கொடுத்தவை. சிறந்த ஊழியர் என்று மேடையேற்றி, கைதட்டி, கம்பெனி பரிசாகக் கொடுத்த தெர்மோஸ்டாட்தான் இப்போது சுவரிலிருந்து கண்ணடித்துக் கொண்டிருந்தது.

இதுவும் ஒரு சின்னத் தொல்லை என்று விட்டிருப்பார். ஆனால் முந்தின நாள்தான் மேலாளர் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தோளில் கையை வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஏதாவது வேலை இருக்கா, பொறுமை?"

"ஒண்ணும் இல்ல சார்."

"நானும் வீட்டம்மாவும் உங்க வீட்டுக்கு வரலாம்னு இருக்கோம். நம்ம தெர்மோஸ்டாட்டை நீங்க எப்படி வெச்சிருக்கீங்கன்னு நேர்ல பாக்கணும்."

மேலாளர் யார் வீட்டுக்கும் போகிறவர் அல்ல. கல்யாணத்துக்கு அழைத்தால் வாழ்த்தை மெயிலில் அனுப்புகிறவர். அதுவும் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று காப்பி மெஷின் பக்கத்தில் எல்லோரும் குசுகுசுக்கிற நேரத்தில், அவர் மனைவியோடு வீடு தேடி வருகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

"நேரா சொல்லிடுங்களேன், சரியா ஓடலன்னு," என்றாள் மனைவி.

"என்னன்னு சொல்றது? அத்தனை பேருக்கும் வழி சொல்றவன் வீட்லயே இது நிக்குதுன்னா, அப்பறம் நான் எதுக்கு அங்க உக்காந்திருக்கேன்னு கேக்க மாட்டாங்களா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். முன்னறையில் அவளுடைய தொழில் காத்திருந்தது. வண்டிகளுக்கும் கடைகளுக்கும் ஸ்டிக்கர் எழுத்து வெட்டிக் கொடுப்பவள் அவள். கம்ப்யூட்டரில் எழுத்தைத் தட்டினால், மேஜைமேல் இருக்கும் இயந்திரம் ஸ்டிக்கர் தாளில் கச்சிதமாக வெட்டித் தள்ளும். குடும்பத்தில் சொன்ன நேரத்துக்கு வேலை முடிக்கிற ஒரே ஆள் அவள் என்று அவளுடைய அப்பா அடிக்கடி சொல்வார். பொறுமை பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

கடைகள் திறக்க நேரமிருந்தது. பொறுமை சுற்றுமுற்றும் பார்த்தார். நடைவழியின் கடைசியில் மாமனாரின் அறை. மாமனார் குளிக்கப் போயிருந்தார். அவருடைய ரேடியோ கட்டில்மேல் கேட்பாரற்றுக் கிடந்தது.

தெர்மோஸ்டாட் உயிர்பெற்றது. பொறுமை விசிலடித்தபடி ஆபீஸ் போனார்.

சாயந்திரம் திரும்பும்போது வாசலிலேயே மாமனார் ரேடியோவோடு நின்றார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றே ஓய்வு பெற்ற கண்டக்டர் அவர். இன்றைக்கும் கால்களை அகட்டி வைத்துத்தான் நிற்பார்.

"மாப்ள, ரேடியோ பேச மாட்டேங்குது."

"சிக்னல் இல்ல போல, மாமா."

மாமனார் ரேடியோவைத் திருப்பி, பின்மூடியைத் திறந்து காட்டினார். "சிக்னல் மட்டுமில்ல. பேட்டரியும் இல்ல."

உள்ளே தெர்மோஸ்டாட் மறுபடி சிவப்பாகச் சிமிட்டிக் கொண்டிருந்தது. ரேடியோவில் கிடைத்தது போதாமல் பழையதையும் சேர்த்துப் போட்டிருந்தார். பாதி புதுசு, பாதி பழசு என்று கலந்து போட்டால் இரண்டும் சேர்ந்து சீக்கிரம் செத்துப்போகும் என்பது பொறுமைக்குத் தெரியாததல்ல. அந்தப் பதிலை எழுதியவரே அவர்தான்.

மறுநாள் கடையிலேயே உசத்தியான பேட்டரி வாங்கிப் போட்டார். அத்தோடு விடாமல், தான் மற்றவர்களுக்குச் சொல்லும் யோசனைகளைத் தன் வீட்டிலேயே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். முதலாவது, திரையின் வெளிச்சத்தைக் குறைப்பது. குறைத்தார்.

மாமனாருக்குக் கண்ணாடி போட்டாலே பாதிதான் தெரியும். வெளிச்சம் போனதும் அதுவும் போயிற்று. ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் போகும்போதும் வட்டத்தைத் தட்டி எழுப்பி, மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார். மூக்கு பட்டதில் டிகிரி ஏறியது. பொறுமை ஆபீஸிலிருந்து வந்தபோது வீடு இட்லிக் கொப்பரை போல ஆவி பறக்காத குறையாக இருந்தது. உசத்தியான பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

"யார் இதை முப்பதுல வெச்சது?"

"நான் எதையும் தொடல, மாப்ள. பாத்தேன், அவ்வளவுதான்."

வெளிச்சத்தை மறுபடி கூட்டிவிட்டு, அடுத்த யோசனைக்குப் போனார். வைஃபை தூரத்தில் இருந்தால், அதைத் தேடித் தேடியே தெர்மோஸ்டாட் களைத்துப் போகும். பேட்டரியும் கரையும். முன்னறையில் இருந்த ரௌட்டரைப் பிடுங்கி, நடைவழியில் செருப்பு ஸ்டாண்ட் மேல் கொண்டுவந்து வைத்தார். வயர் தரையில் குறுக்கே ஓடியது. தெர்மோஸ்டாட்டில் சிக்னல் கோடுகள் நிறைந்து நின்றன. பார்க்கவே மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் மனைவி ஆபீஸுக்குப் போன் செய்தாள். அவள் இப்படிக் கூப்பிடுகிற வழக்கமில்லை.

"ரௌட்டரை எடுத்தீங்களா?"

"கொஞ்சம் நகர்த்தி வெச்சேன்."

"என் மெஷின் வைஃபைலதான் ஓடுது, தெரியுமில்ல? பாதி வெட்டும்போது கனெக்‌ஷன் போயிடுச்சு. நான் கவனிக்கல. போர்டு மாட்டுற கடைப் பையன் வந்து சுருட்டி எடுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரி வாசல்ல ஒட்டிட்டான்."

"என்ன எழுத்து?"

"'இங்கே ஹாரன் அடிக்காதீர்.'"

"சரி."

"'இங்கே ஹாரன் அடி' வரைக்கும்தான் வெட்டியிருக்கு."

பொறுமை வாயைப் பொத்திக்கொண்டார்.

"காலையிலேர்ந்து வர்றவன் எல்லாம் அடிச்சிட்டுப் போறானாம். பெரிய டாக்டர் எனக்குப் போன் பண்ணார். அவர் பேசறதே கேக்கல, அவ்வளவு ஹாரன்."

அன்றைக்கு மாலை ரௌட்டர் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆஸ்பத்திரிக்குப் புது எழுத்து இலவசமாகப் போனது. மனைவி இரவுச் சாப்பாட்டின்போது அவர் பக்கம் தட்டை மட்டும் நகர்த்தினாள், பேச்சை நகர்த்தவில்லை.

இன்னும் ஒரு யோசனை பாக்கியிருந்தது. தெர்மோஸ்டாட்டின் அடியில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் ஒரு சின்னக் கண் உண்டு. யாராவது குறுக்கே போனால் அது விழித்துக்கொண்டு திரையைப் போடும். நடைவழியிலோ எந்நேரமும் யாராவது போய்க்கொண்டிருந்தார்கள். மாமனார் மட்டும் பாத்ரூமுக்கும் அறைக்குமாக ஒரு டவுன் பஸ்ஸுக்கு உண்டான ட்ரிப் அடித்தார். இதுதான் காரணம், பிடித்துவிட்டோம் என்று பொறுமைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மனைவியின் மேஜையிலிருந்து ஒரு துண்டு கறுப்பு டேப் எடுத்து அந்தக் கண்ணின்மேல் ஒட்டிவிட்டுப் படுத்தார்.

காலையில் எழுந்தபோது அவர் விட்ட மூச்சு புகையாகத் தெரிந்தது.

சாப்பாட்டு மேஜையில் மாமனார் கோட்டு, மப்ளர், கம்பளிக் குல்லாய், கையுறை எல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையுறையோடு டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்து வைத்திருந்தார்.

"ஹீட்டர் ஏங்க ஓடல?" என்றாள் மனைவி. சண்டையை மறந்து பேசும் அளவுக்குக் குளிர்.

பொறுமை போய்ப் பார்த்தார். திரையில் பெரிய எழுத்தில் செய்தி ஓடியது. வீட்டில் ஆள் இல்லாததால் ஹீட்டர் நிறுத்தப்பட்டுள்ளது.

"டேப்பு ஒட்டினேன்," என்றார். "அதனால யாரையும் பாக்க முடியல அதுக்கு. ஆளில்லாத வீடுன்னு முடிவு பண்ணிடுச்சு."

மாமனார் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் இருக்கேன். ராத்திரியெல்லாம் அதுக்கு முன்னாடிதான் நாலு தடவ போய் வந்தேன். அப்பவும் ஆளில்லாத வீடா?"

"மாமா, அது மெஷின்."

"மெஷின்தான். ஒட்டினது நீங்கதானே?"

அவர் குல்லாயை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். மனைவி பொறுமையைப் பார்த்த பார்வையில், வெளியே இருந்த குளிர் எவ்வளவோ தேவலை என்றிருந்தது.

டேப்பைப் பிய்த்தெறிந்துவிட்டு ஆபீஸ் போன பொறுமை, அன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், வாழ்க்கையில் செய்வோம் என்று நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு காரியத்தைச் செய்தார். மாடிப்படிக்கு வந்து, மனைவியின் போனிலிருந்து தன் கம்பெனியின் உதவி எண்ணுக்கே கூப்பிட்டார். போனைக் காலையில் கெஞ்சிக் கடன் வாங்கி வந்திருந்தார்.

படிக்கட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு. பக்கத்து ஸீட் பெண் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு அழைப்பை எடுப்பது அவருக்குத் தெரிந்தது. அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, குரலைத் தொண்டைக்குள் இறக்கினார்.

"வணக்கம் சார், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

"எங்க வீட்டு தெர்மோஸ்டாட்ல பேட்டரி நிக்கவே மாட்டேங்குது."

"பேட்டரி தாராளமா ஒரு வருஷம் வரும் சார்."

"வரலையேம்மா."

"நீங்க வெச்சிருக்கிற விதத்துலதான் சார் ஏதோ இருக்கு."

அந்த வாக்கியத்தை எத்தனையோ பேருக்கு அவர் சொல்லியிருக்கிறார். யாரும் அவருக்குச் சொன்னதில்லை. காதில் விழுந்ததும் காது மடல் சூடானது.

"இதை எவன் எழுதிக் கொடுத்தான் உங்களுக்கு?"

"எங்க சீனியர் ஒருத்தர் சார். தங்கமான மனுஷன்."

பொறுமை ஒரு நிமிஷம் இளகினார். அவள் விடாமல் கேட்டாள். பழைய பேட்டரியைக் கலந்து போட்டாரா, வெளிச்சத்தைக் குறைத்தாரா, ரௌட்டரை நகர்த்தினாரா. எல்லாம் அவருடைய வரிசை, அவருடைய வார்த்தை. இளகியது மறுபடி கெட்டியானது.

"எல்லாம் பண்ணியாச்சு. ஏம்மா, நீ இதை உன் வீட்ல மாட்டிப் பாத்திருக்கியா?"

"இல்ல சார். எங்க வீட்ல போர்வைதான்."

"அப்பறம் என்னத்துக்கு எனக்கு வழி சொல்ற? வெச்சிருக்கிற விதமாம், விதம். தலையில வெச்சுக்கிட்டுத் திரியணுமா அதை?"

ஓரக்கண்ணால் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் கண்களை விட்டத்துக்கு உருட்டினாள். குரலில் மட்டும் தேன் ஒழுகியது. "அப்படின்னா ஒரே வழிதான் சார். உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிட்டு, புதுசா வாங்கின மாதிரி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் ஸீட்டுக்கு வந்தபோது அவள் இன்னும் மூச்சு வாங்கிக் கொண்டிருந்தாள்.

"இப்ப ஒருத்தன் கூப்பிட்டான் சார். வாயா அது?"

"அந்த மாதிரி ஆளுங்ககிட்டதாம்மா நாம பொறுமையா இருக்கணும்."

"நான் இருந்துடுவேன் சார். அவன் பொண்டாட்டியை நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

"அது உண்மைதான்," என்றார் பொறுமை.

சனிக்கிழமை சாயந்திரம் அழிக்கும் வேலையில் இறங்கினார். தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் மறந்தது. எந்த மொழி என்று கேட்டது. எத்தனை அறை என்று கேட்டது. பிறகு, புதிய மென்பொருள் இறங்குகிறது, தொடாதீர்கள் என்றது. அவர் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு சுற்றுக் கோடு மெல்ல நகர்ந்து, முக்கால் வட்டம் வந்து, அங்கேயே நின்றது. திரை அணைந்தது. புது பேட்டரி போட்டார், அடுத்த புது பேட்டரி போட்டார், கழற்றி மாட்டினார், தட்டினார், கெஞ்சினார். கறுப்பு வட்டம் கறுப்பு வட்டமாகவே இருந்தது.

போகிற போக்கில் அது ஹீட்டருக்குச் சொன்ன கடைசி வார்த்தை 'எரி' என்பது போலிருக்கிறது. ஹீட்டர் விசுவாசமாக எரிந்துகொண்டே இருந்தது. ஸ்டோர் ரூமில் இருக்கும் ஸ்விட்சைக் கையால் அணைத்தால்தான் நின்றது. அணைத்தால் குளிர், போட்டால் உலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டே, பக்கத்தில் கோட்டையும் தயாராக வைத்திருந்தார்.

பொறுமை சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "முடிஞ்சுது. இன்னிக்கு வருவாங்க, பாப்பாங்க. நாளைக்கு நான் வீட்ல இருப்பேன்."

பல நாளாக அவர்மேல் கோபமாக இருந்த மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். எழுந்து முன்னறைக்குப் போனாள். இயந்திரம் சின்னதாக ஒரு தடவை உறுமியது. திரும்பி வந்தபோது அவள் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு இரண்டு எண்கள் இருந்தன. ராத்திரியில் லாரிக்குப் பின்னால் பளபளக்குமே, அந்த ரேடியம் ஸ்டிக்கர். செத்துப்போன கறுப்புத் திரையின் நடுவில் அவற்றை ஒட்டி, கட்டை விரலால் நீவிவிட்டாள்.

இருபத்தொன்று.

நடைவழி விளக்கைப் போட்டதும் அது உயிருள்ள திரையைவிடப் பிரகாசமாக மின்னியது.

"வேற நம்பர் வேணும்னா?" என்றார் பொறுமை.

"எதுக்கு? நல்ல தெர்மோஸ்டாட்னா ஒரே நம்பர்லதான் நிக்கணும்."

"சூடு கூட்டிக் காட்டுன்னு கேட்டா?"

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். பொறுமையும் பார்த்தார். மாமனார் விசிறுவதை நிறுத்தினார்.

"மாமா," என்றார் பொறுமை. "அன்னிக்கு டேப்பு ஒட்டினது தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க. இன்னிக்கு இந்த வீடே உங்க கையிலதான் இருக்கு."

ஏற்பாடு சுலபமானது. மாமனார் ஸ்டோர் ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். 'ஹீட்டர், சூடு' என்று பொறுமை சொன்னால் ஸ்விட்சைப் போட வேண்டும். 'ஹீட்டர், போதும்' என்றால் அணைக்க வேண்டும். வேறு எதற்கும் வாயைத் திறக்கக் கூடாது.

மாமனார் சட்டை போட்டு, தலைவாரிக்கொண்டு வந்தார். "ஆளில்லாத வீடுன்னு சொல்லுச்சே," என்றார் தெர்மோஸ்டாட்டைப் பார்த்து. "இப்ப நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்."

மேலாளரும் அவர் மனைவியும் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் பெரிய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மேலாளர் உட்காரவே இல்லை.

"எங்க இருக்கு?" என்றார்.

நடைவழியில் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் நின்று அவர் வெகுநேரம் பார்த்தார். பொறுமை விளக்கை மறைக்காமல் ஒதுங்கி நின்றார்.

"ஸ்க்ரீன் ரொம்பத் தெளிவா இருக்கே."

"நம்ம ப்ராடக்ட் சார்."

"பேட்டரி கடைசியா எப்ப மாத்தினீங்க?"

"பேட்டரியா சார்? மாத்தின ஞாபகமே இல்ல."

மேலாளர் தெர்மோஸ்டாட்டை இன்னும் நெருங்கினார். போனை எடுத்து, நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், கீழிருந்து ஒரு படம் என்று பிடித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் எவ்வளவு தூரம் என்று கேட்டார். ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் ஒரு சுற்று சுருங்கியது. சாட்சியம் சேர்க்கிறார் என்று பொறுமைக்குப் புரிந்தது.

"ஜன்னலைத் திறக்கலாமா?" என்றார் மேலாளர். திறந்தார். குளிர்காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. அவர் ஓடிப்போய்த் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார். இருபத்தொன்று.

"அசையவே இல்லையே," என்றார்.

"அசையாது சார். ஹீட்டர், சூடு."

ஸ்டோர் ரூமிலிருந்து 'டக்' என்றது. குழாய்களில் குடுகுடுவென்று சத்தம் ஓடியது.

மேலாளர் திரும்பிப் பார்த்தார். "வாயால சொன்னாலே கேக்குதா?"

"கேக்கும் சார்."

"அந்த மாடல்ல அப்படி ஒரு வசதியே கிடையாதே."

"பழகிடுச்சு சார்," என்றார் பொறுமை. வேறு எதுவும் தோன்றவில்லை.

"நிறுத்தச் சொல்லுங்க, பாப்போம்."

"ஹீட்டர், போதும்."

டக். கூடவே, ஆயுள் முழுக்கப் பழகிய நாக்கு பிடியை விட்டு நழுவியதில், கணீரென்று ஒரு குரலும் வந்தது. "ரைட், போலாம்."

மேலாளரின் தலை ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பியது.

"அது என்ன?" என்றார் மேலாளர்.

"குழாய்ல காத்து சார்."

குழாயில் இருந்த காற்று அடுத்து ஒரு தும்மல் போட்டது. ஸ்டோர் ரூம் தூசி யாரையும் விடாது. இரண்டாவது தும்மலில் கதவு தானாகவே திறந்துகொண்டது. ஒரு கை ஸ்விட்சின்மேலும் ஒரு கை மூக்கின்மேலுமாக மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"இவர் யாரு?"

"எங்க அப்பா," என்றாள் மனைவி.

"உள்ள என்ன பண்றார்?"

"ட்யூட்டி," என்றார் மாமனார்.

பொறுமைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவர் தெர்மோஸ்டாட்டிடம் போய், நகத்தைக் கொடுத்து இரண்டையும் ஒன்றையும் பிய்த்தெடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"சார், இது செத்துப்போச்சு. வாரத்துக்கு ஒரு பேட்டரி குடிக்குது. வெளிச்சத்தைக் குறைச்சேன், வீடு வெந்துச்சு. ரௌட்டரை நகர்த்தினேன், ஆஸ்பத்திரி வாசல்ல ஹாரன் அடிச்சாங்க. டேப்பு ஒட்டினேன், எங்க மாமாவை ஆளே இல்லன்னு சொல்லிடுச்சு. நம்ம நம்பருக்கே கூப்பிட்டு, நம்ம ஆபீஸ் பொண்ணையே திட்டினேன். நேத்து எல்லாத்தையும் அழிச்சேன், அதோட போய்ச் சேந்துடுச்சு. ஒரு வருஷம் வரும்னு நான் சொன்னதெல்லாம் நெசம்னு நெனச்சுத்தான் சார் சொன்னேன். இனிமே உங்க இஷ்டம்."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வேலை போனால் போகட்டும், பல நாளுக்குப் பிறகு நெஞ்சுக்குள் காற்று நன்றாகப் போய் வந்தது. மனைவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். தோள் அவர்மேல் படும்படியாகவே நின்றாள்.

மேலாளர் அவர் உள்ளங்கையைப் பார்த்தார். கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். ஸ்டோர் ரூமைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்துபோய், வந்ததிலிருந்து உட்காராத மனிதர், சோபாவில் பொத்தென்று விழுந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"அப்பாடா," என்றார்.

அவர் முகம் ஒரேயடியாக மலர்ந்திருந்தது. பொறுமைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமனார்கூட ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

அதுவரை பேசாமலிருந்த அந்த அம்மாள், கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, பொறுமையின் மனைவி பக்கம் சாய்ந்தாள்.

"எங்க வீட்லயும் அது செத்து ரொம்ப நாளாச்சும்மா, உங்க வீட்ல மட்டும் எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுப் போய் அதே மாதிரி பண்ணலாம்னுதான் இவர் வந்ததே, அதனால எனக்கும் ஒரு இருபத்தொண்ணு வெட்டிக் குடுத்துடு."